கையில் ஆடும் பொம்மையும் கண்ணாடி அலமாரியும்



 

இந்த வாரம் மிம்பரில் பொம்மைகளைப் பற்றிப் பேசினேன். தொழுகை முடிந்து வெளியே வரும்போது பெரியவர் ஒருவர், "ஹஜ்ரத், பெரிய ஆளுங்களுக்குச் சொல்ல வேற பேச்சு இல்லையா?" என்று சிரித்தபடி கேட்டார். இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர்களே பெரிய ஆட்கள்தான் என்றேன். இருபத்தைந்து, முப்பது வயது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் படித்துவிட்டு சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவர்கள். ஐவேளை தொழுகிறவர்கள். புகை, மது எதையும் தொடாதவர்கள். அவர்கள் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி இருக்கிறது. உள்ளே சின்ன விளக்கு. தட்டுத் தட்டாக ரோபோ பொம்மைகள். "இதனால யாருக்கும் கெடுதல் இல்லையே ஹஜ்ரத், இது தப்பா?" என்கிறார்கள். மிம்பரில் கிடைத்த இருபது நிமிடம் இதற்குப் போதவில்லை. அதனால்தான் விரித்து எழுதுகிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர் என்றால் நம் ஊரில் தெருமுனையில் நின்று இரையும் மின்சாரப் பெட்டி. இவர்கள் சொல்வது வேறு. பார்வைக்கு ஒரு லாரி. அதன் கதவைத் திருப்பி, சக்கரத்தை உள்ளே தள்ளி, முன்பக்கத்தை மடக்கி, ஒவ்வொரு மூட்டாக இழுத்தால் கையும் காலும் தலையும் உள்ள ரோபோவாக எழுந்து நிற்கும். ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980-ல் டயாக்ளோன் என்ற பெயரில் இத்தகைய பொம்மைகளைத் தொடங்கியது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை வாங்கி 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்றது. அதே ஹாஸ்ப்ரோவும் சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் கூட்டாக 1987-ல் தொடங்கியதுதான் நம் பிள்ளைகள் அறிந்த ஃபன்ஸ்கூல். இன்னொரு வகை, 'கண்டம்' என்று ஜப்பானியர் பெயர் வைத்த போர் ரோபோ. 1979-ல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. 1980 முதல் பண்டாய் நிறுவனம் அதைத் துண்டு துண்டான பிளாஸ்டிக்காக விற்கிறது. வாங்குபவர் ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுத்து, தேய்த்து, தானே பொருத்திக்கொள்ள வேண்டும்.

சரி, இதற்கும் தீனுக்கும் என்ன தொடர்பு?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இரண்டு நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து வீடு திரும்புகிறார்கள். இரண்டிலும் வீட்டுச் சுவரில் பொருள் வைக்கும் ஒரு மாடம். இரண்டிலும் அந்த மாடத்தின் முன் ஒரு திரை.

முதலாவது அபூதாவூதில் வருகிறது. தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பிய நேரம். காற்று திரையின் ஓரத்தை விலக்குகிறது. உள்ளே ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள். நடுவில் ஒரு குதிரை, அதற்குத் துணியால் செய்த இரண்டு இறக்கைகள். இது என்ன என்று கேட்கிறார்கள். குதிரை என்கிறார்கள் அன்னை. அதன் மேல் இருப்பது என்ன? இறக்கை. குதிரைக்கு இறக்கையா? ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னை பதிலுக்குக் கேட்க, கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது புகாரியில் இருக்கிறது. இதுவும் பயணத்திலிருந்து திரும்பிய நேரம்தான். ஆனால் இம்முறை மாடத்துக்கு முன்னால் தொங்கிய திரைச்சீலையிலேயே உருவங்கள் இருந்தன. நபியவர்கள் அதைப் பார்த்ததும் கிழித்தார்கள். அல்லாஹ்வின் படைப்புக்கு ஒப்பாகப் படைக்க முயல்வோருக்கு மறுமையில் கடும் வேதனை உண்டு என்று எச்சரித்தார்கள். பின்னர் அந்தத் துணியை என்ன செய்தார்கள் தெரியுமா? ஒன்றோ இரண்டோ தலையணையாகத் தைத்துக்கொண்டார்கள்.

ஒரே வீடு. ஒரே மாடம். ஒருமுறை சிரிப்பு, ஒருமுறை கோபம். ஏன்?

உலமாக்கள் இதில் பல கருத்துகளைச் சொல்லியிருக்கிறார்கள். பொம்மைக்கான அனுமதி தடைக்கு முந்தியது, பிறகு மாற்றப்பட்டுவிட்டது என்றோர் இப்னு பத்தால் (ரஹ்) போன்றோர். சிறுமிகளின் விளையாட்டுப் பொம்மைக்கு மட்டும் தனி விலக்கு உண்டு, பெரும்பாலான அறிஞர்களின் நிலை இதுவே என்றார் காழீ இயாழ் (ரஹ்). இவற்றின் ஊடே ஃபுகஹாக்கள் பிடித்துக்கொண்ட ஒரு நுணுக்கம் இருக்கிறது. என் மனம் அதில்தான் நிற்கிறது. அவர்கள் அந்தத் துணியின் பயணத்தைப் பார்த்தார்கள். சுவரில் உயரத் தொங்கி, வருபவர் எல்லாம் நிமிர்ந்து பார்க்கும்போது அது கண்ணியப்படுத்தப்பட்ட உருவம். வெட்டித் தைத்து, சாய்ந்து, மிதித்துப் புழங்கும்போது அதற்கு அந்த மதிப்பு போய்விடுகிறது. கையில் புழங்கி அழுக்காகும் பொருள் வேறு, உயரத்தில் நிறுத்தி வைக்கும் பொருள் வேறு. ஆயிஷா (ரலி) அவர்களின் குதிரை முதல் வகை. தோழிகளோடு சேர்ந்து அவர்கள் கையில் எடுத்து விளையாடிய பொருள் அது. நபியவர்கள் வீட்டுக்குள் வந்தால் அந்தத் தோழிகள் ஓடி ஒளிந்துகொள்வார்கள் என்றும், நபியவர்களே அவர்களை மீண்டும் விளையாட அனுப்பிவைப்பார்கள் என்றும் ஸஹீஹான ஹதீஸில் வருகிறது.

இப்போது உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். அதில் இருப்பவை எந்த வகை?

"ரோபோவுக்கு உயிர் இல்லையே, அது இயந்திரம்தானே?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. உருவம் வரைந்து பிழைத்த ஒருவரிடம், வரைந்தே தீர வேண்டுமானால் மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னார்கள். ஆக, லாரி வடிவில் மடக்கிய நிலையில் அந்தப் பொம்மையைப் பற்றி எந்த மஸ்அலாவும் எழாது. நிமிர்த்தினால்தான் கேள்வி. இங்கே கதைகளுக்குள்ளேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. கண்டம் கதையில் ரோபோவுக்குள் ஒரு மனிதன் உட்கார்ந்து ஓட்டுகிறான். அது ஒருவகையில் பெரிய இரும்புச் சட்டை. டகாராவின் பழைய பொம்மைகளிலும் குட்டி ஓட்டுநர் உட்கார இடம் இருந்தது. ஹாஸ்ப்ரோ கைக்கு வந்தபோது ஓட்டுநரை எடுத்துவிட்டார்கள். இயந்திரத்துக்கே உயிரும் பெயரும் குணமும் கொடுத்தார்கள். நம் மார்க்கச் சட்டமோ கதையைப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைப் பார்க்கிறது. சிலையின் தலையை நீக்கிவிட்டால் அது மரம் போல் ஆகிவிடும் என்று ஜிப்ரீல் (அலை) சொன்ன ஹதீஸை வைத்து, முகம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு மஸ்அலாவும் கடுமை என்று ஃபுகஹாக்கள் பேசினார்கள். கண், மூக்கு, வாய் இல்லாமல் ஒரு கண்ணாடிப் பட்டை மட்டும் உள்ள தலையும், மனித முகம் அப்படியே செதுக்கிய தலையும் ஒன்றல்ல. சமகால உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. பிள்ளைகள் கையில் புழங்குவதற்கு இடமுண்டு. பெரியவர்கள் மனித முகம் கொண்டவற்றை அலங்காரமாக நிறுத்தி வைப்பதைத் தவிர்ப்பது பேணுதல் என்பது என் நிலை.

நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், தொழுபவருக்கு முன்னால், தலைக்கு மேல், பக்கவாட்டில் உருவம் இருந்தால் தொழுகை மக்ரூஹ். தரையில் வைத்து நின்றபடி பார்த்தால் உறுப்புகள் தெளிவாகத் தெரியாத அளவு சிறியதாக இருந்தால் மக்ரூஹ் இல்லை. ஒரே அறையில் தங்கி, அந்த அறையிலேயே முஸல்லா விரிக்கும் வாலிபர்கள் இதைக் கவனியுங்கள். வேலைப்பாடு உள்ள ஒரு போர்வை தொழுகையில் கவனத்தை இழுத்தது என்பதற்காகவே நபியவர்கள் அதைத் தந்த அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பினார்கள். அதில் உருவம் கிடையாது, வெறும் கோடுகள்தான். உங்கள் அலமாரியிலோ உள்ளே விளக்கு வேறு எரிகிறது.

பொம்மை என்றாலே மட்டம் தட்டுகிற பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். துர்ருல் முக்தாரில் ஒரு பழைய மஸ்அலா இருக்கிறது. பிள்ளையை மகிழ்விக்க ஒருவர் சுட்ட மண்ணால் செய்த மாட்டையோ குதிரையையோ வாங்கினால் அந்த வியாபாரம் செல்லுமா? செல்லாது, அதற்கு விலைமதிப்பே கிடையாது, உடைத்தவர் ஈடு தர வேண்டியதில்லை என்று ஒரு கருத்து. அதற்கு மாற்றுக் கருத்தும் அங்கேயே உண்டு. பொம்மையை விற்கலாம், பிள்ளைகள் அதைக் கொண்டு விளையாடலாம் என்று இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களிடமிருந்து அறிவிப்பும் அங்கே இருக்கிறது. காழியாக அமர்ந்து ஆட்சியின் வழக்குகளைத் தீர்த்த ஒருவர் பிள்ளைகளின் பொம்மைக்கும் பதில் சொல்லியிருக்கிறார். ஆஷூரா நோன்பன்று பசியில் அழுத பிள்ளைகளுக்கு ஸஹாபிப் பெண்கள் கம்பளியில் பொம்மை செய்து கொடுத்து நோன்பு திறக்கும்வரை ஆறுதல்படுத்தியதும் புகாரியில் உள்ளது.

இந்த ரோபோக்களைக் கையாள்வதில் நல்லதும் இருக்கிறது. ஒரு தம்பி என் முன்னால் ஒன்றை மாற்றிக் காட்டினார். முப்பது படிகளுக்கு மேல். எந்த மூட்டை முதலில் திருப்புவது, எது எதற்குள் போய் அடங்குகிறது என்று ஒரு வரிசை. அவசரப்பட்டு இழுத்தால் ஒடிந்துவிடும். மாவு மில்லோ டிராக்டரோ பழுதானால் "எங்கே மாட்டியிருக்கு" என்று விரலால் தடவிப் பார்ப்பாரே நம் ஊர் மெக்கானிக், அதே பொறுமை அந்தத் தம்பியின் விரலில் இருந்தது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், கவசத்தின் வளையங்களை அளவாகக் கோர்க்கும்படி அவர்களுக்குக் கட்டளையிட்டதாக ஸபஃ அத்தியாயத்தில் (34:11) கூறுகிறான். ஒரு நபிக்கு வந்த கட்டளையில் மூட்டுகளின் அளவு இடம்பெறுகிறது. தொழில்நுட்பத்தை நேசிப்பதில் அருவருக்க எதுவும் இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஹதீத் அத்தியாயத்தின் 20-ஆம் வசனத்தில் உலக வாழ்வை அல்லாஹ் ஐந்து சொற்களில் விவரிக்கிறான். லஇப், லஹ்வு, ஸீனத், தஃபாகுர், தகாஸுர். விளையாட்டு, பராக்கு, அலங்காரம், பெருமையடித்தல், அதிகமாக்கப் போட்டியிடுதல். இவை மனித வயதின் படிகள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். குழந்தைக்கு விளையாட்டு, வாலிபருக்குப் பராக்கும் அலங்காரமும், முதிர்ந்தவருக்குப் பெருமையும் எண்ணிக்கையும். இந்தப் பொம்மையைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். ஐந்து படிகளிலும் அது தானாகவே ஏறுவது தெரியும். பத்து வயதில் தரையில் உருட்டி விளையாடினீர்கள். பதினெட்டில் வீடியோ பார்த்துப் பொழுதைக் கழித்தீர்கள். இருபத்து மூன்றில் அலமாரி வந்தது. பிறகு அலமாரியைப் படம் எடுத்துப் போட்டீர்கள். இப்போது எத்தனை இருக்கிறது, எது இல்லை என்று கைபேசியில் பட்டியல் வைத்திருக்கிறீர்கள். விளையாட்டு முதல் படியிலேயே நின்றுவிட்டது. மீதி நான்கில் கை அந்தப் பொம்மையைத் தொடுவதே இல்லை. சிலர் பெட்டியைக்கூடப் பிரிப்பதில்லையாம், பிரித்தால் மதிப்புக் குறையும் என்று. மடக்கி நீட்டுவதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருள், ஒருமுறைகூட மடங்காமல் நீளாமல் பெட்டிக்குள் இருக்கிறது.

'யாருக்கும் கெடுதல் இல்லையே' என்ற வாதத்துக்கு வருகிறேன். கெடுதல் இல்லாதது எல்லாம் நன்மை என்று நம் மார்க்கம் கணக்குப் போடுவதில்லை. செல்வத்தை எங்கிருந்து ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்று மறுமையில் கேள்வி உண்டு என்கிறது திர்மிதீயில் வரும் ஹதீஸ். அங்கே பிறருக்குக் கெடுதல் வந்ததா என்று மட்டும் கேட்கப்படாது. தகாஸுர் அத்தியாயத்தில் அல்லாஹ் குறை கூறுவதும் பராக்காக்கிவிடுகிற தன்மையைத்தான். எதிலிருந்து பராக்காக்குகிறது என்று அங்கே பெயர் சொல்லவில்லை. அது அவரவருக்கு வேறு. ஒருவருக்குத் தாயின் மருந்து, ஒருவருக்குக் கடன், ஒருவருக்கு ஹஜ்.

இந்த ஆசை தானாக முளைத்தது என்றும் நினைக்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனே பொம்மையை விற்பதற்காக எடுக்கப்பட்டது. 1986-ல் அதைத் திரைப்படமாக்கினார்கள். பழைய பொம்மைகளின் விற்பனை முடிந்து புதியவற்றைக் கடைக்குக் கொண்டுவர வேண்டிய நேரம். என்ன செய்தார்கள்? பழைய பாத்திரங்களைக் கதையில் வரிசையாகக் கொன்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் நேசித்த ஆப்டிமஸ் பிரைமும் அதில் செத்தது. திரையரங்கில் பிள்ளைகள் அழுதார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த ஆண்டு தொலைக்காட்சித் தொடரில் அதை உயிர்ப்பித்துக் கொண்டுவந்தார்கள். ஒரு பிள்ளையின் கண்ணீரும் சரக்கு இருப்பைக் காலி செய்யும் திட்டத்துக்குள் போய்விட்டது. இன்று 'லிமிடெட் எடிஷன்' என்ற சொல்லைப் பார்த்ததும் உங்கள் நெஞ்சு படபடக்கிறதே, அதையும் யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து திட்டமிட்டிருக்கிறார்.

"இது முதலீடு ஹஜ்ரத், நாளைக்கு இரண்டு மடங்கு விலைக்குப் போகும்" என்று இன்னொருவர் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், முதலீடு என்றால் பேசுவோம். விற்கும் நிய்யத்தோடு வாங்கினால் அது வியாபாரச் சரக்கு. உங்கள் மற்றச் செல்வத்தோடு சேர்த்து 612 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டினால், ஆண்டு நிறைவில் அன்றைய சந்தை விலைக்கு இரண்டரை சதவீதம் ஜகாத் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல, அன்று விற்றால் கிடைக்கும் விலைக்கு. சொந்த ஆசைக்காக வாங்கி வைத்தது என்றால் ஜகாத் இல்லை. இரண்டில் எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சிலர் மனைவி கேட்டால் முதலீடு என்கிறார்கள், ரமளானில் ஜகாத் கணக்குப் போடும்போது பொழுதுபோக்கு என்கிறார்கள். நம் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு விலைக்குக் காத்திருக்கும் விவசாயிக்குத் தன் சரக்கு சரக்குதான் என்பதில் சந்தேகமே கிடையாது.

முன்பதிவு செய்து, பொருள் கைக்கு வருவதற்கு முன்பே இன்னொருவருக்கு அதிக விலைக்குத் தள்ளிவிடுவது கூடாது. கைவசமாகாத பொருளை விற்பதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். உள்ளே எது இருக்கும் என்று தெரியாத 'மர்மப் பெட்டி'களை வாங்குவதில் கரர் இருக்கிறது, விலகுங்கள். 2020-ல் வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். இதனால் விலையைக் குறைத்து எழுதிப் பார்சல் அனுப்பச் சொல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. வரி அதிகம் என்று நீங்கள் நினைக்கலாம். தாளில் பொய் எழுதச் சொல்ல அது காரணமாகாது. அசல் வடிவத்தைத் திருடிச் செய்யும் போலிப் பொம்மைகளும் அப்படித்தான். வணிகப் பெயர், கண்டுபிடிப்பு முதலியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை என்று சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988-ல் குவைத்தில் கூடித் தீர்மானித்திருக்கிறது.

இந்த மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. டைனோசராக மடங்கும் ரோபோக்களும் இந்தத் தொகுப்புகளில் உண்டு. அரியலூர்ப் பிள்ளைகளுக்கு அது கூடுதல் பிடிப்பு, ஏனென்றால் கல்லமேட்டில் உண்மையான டைனோசரின் எலும்புகளே கிடைத்தன. 1980-களில் ஆய்வாளர்கள் அதற்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பூமியில் நடமாடிய மிகப் பெரிய உயிரினங்களில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்கிறார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை. தோண்டி எடுத்தபின் ஈரமும் காற்றும் பட்டு உதிர்ந்துவிட்டன. வரைபடங்களும் படங்களும் மிச்சம். அவ்வளவு பெரிய உடம்பு, அத்தனை காலம் மண்ணுக்குள் தாக்குப்பிடித்து, மனிதன் கைக்கு வந்தபின் தூளானது. பெட்டியின் மூலை நசுங்கிவிட்டது என்று இரவு முழுக்கத் தூங்காத தம்பி ஒருவர் எனக்குத் தெரியும். அவருக்கு இதைச் சொன்னேன். சிரித்தார். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

இனி சஃபரில் இருக்கும் அத்தாமார்களுக்கு. லப்பைக்குடிக்காட்டில் வீட்டுக்கு வீடு வளைகுடா தொடர்பு உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் அத்தா, துபாய் டிராகன் மார்ட்டில் பையனுக்கு ஆள் உயரப் பெட்டியில் ரோபோ வாங்கி வருகிறார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி வண்டி உள்ளே நுழையும்போதே பிள்ளைகள் ஓடிவருகிறார்கள். அந்தச் சந்தோஷத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் பார்த்த வீடுகளில், அத்தா கொண்டுவந்த பொம்மைதான் அதிகம் பத்திரப்படுத்தப்படுகிறது. உடைந்துவிடும் என்று அம்மா அதை ஷோகேஸில் ஏற்றிவிடுகிறார். பையன் கேட்டால், "அத்தா வந்தா திட்டுவாங்க" என்கிறார். அத்தாவின் விடுமுறை நாற்பது நாள். அதில் கல்யாணம், மையித்து வீடு, நிலப் பத்திரம், வங்கி என்று முப்பத்தைந்து போய்விடுகிறது. பயணத்திலிருந்து திரும்பிய களைப்போடு நபியவர்கள் திரை விலகிய அந்த மாடத்தின் முன் நின்று, இது என்ன, அது என்ன, இறக்கையா என்று நான்கு கேள்வி கேட்டார்களே, அதை மறுபடி நினைத்துப் பாருங்கள். பொம்மைக்கு அந்த நான்கு கேள்விதான் உயிர். சகோதரரே, அடுத்த விடுமுறையில் ஷோகேஸைத் திறந்து அந்த ரோபோவை எடுத்துத் தரையில் உட்காருங்கள். மகனிடம், "இதை எப்படி லாரியா மாத்துறது, எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். ஒடிந்தால் ஒடியட்டும்.

கடைசியாக ஒரு மஸ்அலா. இந்தக் கட்டுரைக்கே காரணம் அதுதான். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, ஊரையும் பெயரையும் மறைத்துச் சொல்கிறேன். அண்ணன் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு ரோபோவைத் தம்பியின் ஏழு வயது மகன் எடுத்துத் திருப்பியிருக்கிறான். பெரியத்தா வெளியே போயிருந்தார். மூட்டு ஒடிந்துவிட்டது. இப்போது கடையில் கிடைக்காத பொருள். அண்ணன் பிள்ளையை அடிக்கவில்லை. ஆனால் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். தம்பி குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டார். ஐந்து மாதம் பேச்சில்லை. இருவரும் தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள். ஈடு தர வேண்டுமா?

தர வேண்டும். மண் குதிரைக்கு மதிப்பில்லை என்ற பழைய கருத்தை வைத்துத் தம்பி தப்பிக்க முடியாது. இது சந்தையில் விலை உள்ள பொருள். சிறுவன் சேதப்படுத்தினாலும் அவன் செல்வத்தில் ஈடு உண்டு என்பது நம் மத்ஹபின் சட்டம். நடைமுறையில் அத்தா கொடுத்துவிடுவது முறை. அண்ணன் மன்னித்தால் அது அவருக்குக் கூலி. ஆனால் ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருப்பது ஆகாது என்பதும் சட்டம்தான். பொம்மையின் விலையைத் தேடிக் கண்டுபிடித்த அளவுக்கு அதை யாரும் தேடவில்லை.

இருவருக்கும் நான் சொன்ன ஹதீஸ் இது. நபியவர்கள் மனைவியரில் ஒருவர் வீட்டில் இருந்தபோது இன்னொரு மனைவி உணவு கொடுத்தனுப்பினார். வீட்டிலிருந்தவர் ரோஷத்தில் கொண்டுவந்தவரின் கையைத் தட்ட, பாத்திரம் விழுந்து உடைந்தது. நபியவர்கள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். சிந்திய உணவையும் அதில் சேர்த்தார்கள். உங்கள் அன்னைக்கு ரோஷம் வந்துவிட்டது என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னார்கள், அவ்வளவுதான். பிறகு அந்த வீட்டிலிருந்த முழுப் பாத்திரத்தை வாங்கி, பாத்திரம் இழந்தவருக்குக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்ததை உடைத்தவரின் வீட்டிலேயே வைத்தார்கள்.

தம்பி பணம் அனுப்பிவிட்டார். அண்ணனும் பெற்றுக்கொண்டார். ஸலாம் சொல்லிக்கொள்கிறார்கள். பெரியத்தா வீட்டுக்கு மட்டும் அந்தப் பையன் இன்னும் வர மறுக்கிறான். அவன் திரும்ப அந்த வாசலில் கால் வைக்க அல்லாஹ் வழி செய்வானாக. ஆமீன்.